அடித்து முடித்தால் ஆயிற்றா?

கேள்வி: இலங்கை ராணுவம் 2009-ல் பயங்கரவாதத்தை ஒரேயடியாக முடித்துக் காட்டியது. இவ்வளவு பெரிய ராணுவத்தை வைத்துக்கொண்டு நாம் மட்டும் காஷ்மீர் விஷயத்தில் ஏன் இன்னும் ஐ.நா., தூது, பேச்சு என்று நேரத்தை விரயம் செய்கிறோம்?
– ஒரு வாசகர், பந்தலூர், நீலகிரி

பதில்: ராணுவம் மட்டுமே முடித்தது என்று யார் சொன்னது? விடுதலைப் புலிகளை இந்தியா 1992-லேயே தடை செய்துவிட்டது. 1997-ல் அமெரிக்கா, 2001-ல் பிரிட்டன், 2006-ல் கனடாவும் ஐரோப்பிய யூனியனும் தடை செய்தன. வெளிநாடுகளில் திரண்ட பணத்துக்கு வாசல் ஒவ்வொன்றாக அடைபட்டது. 2004-ல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்துபோனார். ஆயுதம் ஏற்றி வந்த கப்பல்களை 2007-ல் நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். வடக்கே புலிகளின் கோட்டையாக இருந்த வன்னிக்குள் தரைப்படை நுழைவதற்கு முன்பே பாதி வேலை ஆகியிருந்தது. கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. ‘ஒரேயடியாக’ என்று எழுதும்போது அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, முடிந்தது எது? இயக்கம் முடிந்தது. தமிழர்களுக்கு அதிகாரப் பங்கு என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது. 1987 ராஜீவ் – ஜெயவர்த்தனே ஒப்பந்தத்தையொட்டி வந்த மாகாண சபை முறையில், வடக்குக்கென்று தனியாகத் தேர்தல் நடந்ததே 2013-ல்தான். 2018-ல் அந்த சபையின் காலம் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் தேர்தல் பேச்சையே காணோம்.

பேச்சு என்றாலே புனிதம் என்றும் நான் சொல்லவரவில்லை. பந்தலூரில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போய், 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர்களை 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! போகிறாயா, இருக்கிறாயா என்று ஒப்பந்தத்துக்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத்தான் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களே உருவாயின. சேரம்பாடியிலும் கொளப்பள்ளியிலும் ‘சிலோன்காரர்’ என்ற பட்டப்பெயர் இன்னும் அவர்களை விடவில்லை. மோசமான ராஜதந்திரத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் டெல்லி வரை போகவேண்டாம்.

காஷ்மீருக்கு வருவோம். கடைசிக் காலத்தில் புலிகளுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் இல்லை. இங்கே எல்லைக்கு அந்தப் பக்கம் 1998-ல் அணுகுண்டு வெடித்துக் காட்டிய நாடு இருக்கிறது. ஊடுருவுகிறவனை நம் ஜவான் சுடலாம். அனுப்பியவனின் வங்கிக் கணக்கைச் சுடமுடியுமா? அதற்கு நீங்கள் நேர விரயம் என்கிற அந்த ஐ.நா., தூது வேலைதான் வேண்டும். ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரை ஐ.நா.வின் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்க்க 2009-ல் இந்தியா தொடங்கிய முயற்சிக்குச் சீனா திரும்பத் திரும்ப முட்டுக்கட்டை போட்டது. 2019 மே 1-ல்தான் பலித்தது. பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு பாகிஸ்தானை 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில், வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான், 2020 பிப்ரவரியில், லாகூர் நீதிமன்றம் லஷ்கர்-இ-தொய்பாவை நிறுவிய ஹபீஸ் சயீதுக்குத் தண்டனை கொடுத்தது. அந்தத் தண்டனையின் லட்சணம் என்ன என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களில் அவரை வீட்டுக் காவலில் வைப்பதும் விடுவதுமாகத்தான் இருந்தார்கள்.

2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற பிறகு நாம் பாகிஸ்தானை அடித்ததில் தவறில்லை, அடிக்கத்தான் வேண்டியிருந்தது. 2025 மே 7-ல் தொடங்கினோம். மே 10 மாலை நின்றது. எப்படி நின்றது? இரண்டு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் ஃபோனில் பேசினார்கள். நீங்கள் நேர விரயம் என்கிறீர்களே, அதே பேச்சுதான்.