50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கிறோம், தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு அமைந்திருக்கிறது, கையிருப்பு 10 லட்சம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த விலைக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 40 லட்சம் வரைதான் கடன் தரும். பத்திரச் செலவு அதில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். நாலரை லட்சம் தனியாக வேண்டும். அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். தவணையோடு வட்டியும் சேர்ந்தால் பால் செலவுக்கே திண்டாட வேண்டிவரும்.

அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல், போட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரத்தின், அதாவது சொத்து முன்பு கைமாறிய பழைய பத்திரத்தின், அசலைக் கேளுங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையையும் நடந்து பாருங்கள், பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.