காலில் எடுத்துத் தாடையில் வைப்பது

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது, வெற்றிலையோடு புகையிலை போடுவார். கீழ் ஈறில் வந்த புற்றுநோய் தாடை எலும்புக்குள் போய்விட்டதாம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கால் எலும்பை எடுத்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். "வாய் போனது போதாதா, காலையும் நொண்டியாக்கணுமா" என்று அப்பா மறுக்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அப்பாவின் கணுக்காலில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பை அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து முழங்கால் வரை போகும் ஒல்லியான எலும்புதான் ஃபிபுலா. உடம்பின் பாரத்தைச் சுமப்பது அது இல்லை, முன்பக்கம் தடவினால் தட்டுப்படுகிற தடித்த எலும்பு. அதைத் தொடவே மாட்டார்கள். ஃபிபுலாவிலும் மேலே, கீழே ஆறேழு செ.மீ. விட்டுவிட்டு நடுத்துண்டைத்தான் எடுப்பார்கள். அப்பா நடப்பார். கொஞ்ச நாள் வாக்கர் வேண்டியிருக்கும், கால் புண் ஆற வாரக்கணக்காகும், சிலருக்குக் கட்டைவிரலை மடக்கும் பலம் குறையும். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெறும் எலும்பை எடுத்து வைப்பதில்லை. அதற்கான ரத்தக்குழாய்களையும் ஒரு துண்டுத் தோலையும் சேர்த்தே எடுத்து, எலும்பைத் தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி டைட்டானியம் பிளேட்டில் பொருத்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியை விட மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். முழு ஆபரேஷனுக்கு 8 முதல் 12 மணி நேரம் ஆகலாம், வெளியே காத்திருக்கும்போது பதறாதீர்கள். எலும்பு உயிரோடு இருப்பதால்தான் பின்னால் கதிர்வீச்சு கொடுத்தாலும் தாங்குகிறது, பல் கட்டவும் இடம் கிடைக்கிறது. முன்தாடையை எடுத்துவிட்டு எலும்பு வைக்காமல் விட்டால் மோவாய் உள்ளே போய்விடும், எச்சில் நிற்காமல் வழியும். பின்பக்கம் என்றால் சிலருக்குச் சதையை வைத்தே சரிசெய்ய முடியும். அப்பாவுக்கு எந்தப் பகுதி என்று கேளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் மூன்று நாட்களைப் பற்றித்தான். தைத்த குழாய் அடைத்துவிடக்கூடும் என்பதால், வாய்க்குள் தெரியும் அந்தக் கால் தோலை ஆஸ்பத்திரியில் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஊசியால் லேசாகக் குத்தினால் சிவப்பாக ரத்தம் வந்தால் நல்லது. கருத்த ரத்தம் குபுக்கென்று வந்தால் சிரை (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) அடைத்திருக்கிறது, தோல் வெளுத்துப்போய் ரத்தமே வராவிட்டால் தமனி (ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் குழாய்) அடைத்திருக்கிறது. அப்போது நடுராத்திரி ஆனாலும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அதனால் "ராத்திரியில் யார் பார்ப்பார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். முன்கூட்டியே கால் ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோ (குழாய்களில் அடைப்பு உண்டா என்று காட்டும் ஸ்கேன்) எடுப்பார்களா என்பதையும் கேளுங்கள். அங்கே அடைப்பு இருந்தால் வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டிவரும்.

புகையிலை இன்றோடு நிற்க வேண்டும், இதில் மட்டும் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், மூக்கில் உணவுக் குழாயும் பெரும்பாலும் தொண்டையில் மூச்சுக்கு ஒரு துளையும் இருக்கும். சில நாள் பேச முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள், கூடவே அவருடைய மூக்குக்கண்ணாடியும்.