கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கட்டும், பையனின் நோட்டைப் படித்தீர்களா?

வணக்கம் அம்மா.

டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட மின்னஞ்சலையும், கூடவே அனுப்பியிருந்த நோட்டுப் படங்களையும் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பு முடிக்கப்போகிற மகன். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன்கூட இல்லை, ஆடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கிறான். கேட்டால், என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீகின் அணிகளுக்குக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்து சொல்லும் ஸ்கவுட் ஆகப்போகிறேன் என்கிறான். கோயம்புத்தூர் பெரியப்பாவும் நியூஜெர்சி சித்தப்பாவும் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவே செய்துவிட்டார்கள். "நீங்க ஒரு தடவை பேசினா மாறிடுவான் சார்" என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் மனதை மாற்ற நான் பேசப்போவதில்லை. மாற வேண்டியவர்கள் வேறு யாரோ என்றுதான் படுகிறது.

ஆஸ்டின் பாதையைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நிரல் எழுதும் வகுப்பை வேண்டாவெறுப்பாக ஒப்பேற்றினான், புள்ளியியல் வகுப்பில் மட்டும் தானாக உட்கார்ந்து படித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேண்டாவெறுப்பாகப் படித்தவனை அதே படிப்பில் இன்னும் நான்கு வருடம் உட்கார வைத்தால், அதையே ஆசையாகப் படித்தவர்களோடு அவன் வேலைக்குப் போட்டி போட வேண்டியிருக்கும். அதில் அவன் தோற்பான்.

இப்போது நோட்டு. "பாருங்க, எப்படி நேரத்தை வீணாக்கறான்" என்று சான்றாக அனுப்பினீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுதியவை எல்லாம் "வேகம் சூப்பர்", "செம கேட்ச்" ரகம், அவற்றை விடுங்கள். போன அக்டோபரில் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். எதிரணிப் பள்ளியின் லெஃப்ட் டாக்கிளைப் பற்றி, அதாவது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் அந்தப் பெரிய உடம்புக்காரப் பையனைப் பற்றி, முழுப் பக்கம். முதல் பாதியில் கைகள் சரியான உயரத்தில் இருந்தன. இடைவேளைக்குப் பிறகு, ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியிலிருந்து கை இறங்குகிறது, இடுப்பு நிமிர்கிறது, முதல் அடி தாமதமாகிறது. மூச்சு போதவில்லையா, வலது முழங்காலில் வலியா, அடுத்த வாரம் பார்க்க வேண்டும் என்று முடித்திருக்கிறான். அடுத்த வாரமும் போய்ப் பார்த்திருக்கிறான். முழங்காலில் கட்டு.

மைதானத்தில் எல்லாருடைய கண்ணும் பந்தோடுதான் போகும். பந்து வராத இடத்தில் நிற்கும் ஒருவனை மட்டும் மூன்று மணி நேரம் பார்ப்பதும், பார்த்ததையும் பார்க்காததையும் பிரித்து எழுதுவதும் லேசில் வராது. ஸ்கவுட்டுக்குச் சம்பளம் தருவதே அதற்குத்தான்.

வேலை என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆன கல்லூரி வீரர்களை 32 என்எஃப்எல் அணிகளும் ஏப்ரல் கடைசியில் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஏழு சுற்றுகள், 250-க்கும் சற்று அதிகமான பெயர்கள். அந்த மூன்று நாளைத்தான் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அதற்கான வேலை முந்தைய வசந்த காலத்திலேயே தொடங்கிவிடும். நேஷனல், பிளெஸ்டோ என்று இரண்டு அமைப்புகள் உண்டு. பல அணிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, அடுத்த ஆண்டு வெளிவரப்போகும் வீரர்களின் முதல் பட்டியலையும் முதல் மதிப்பெண்ணையும் இவற்றின் மூலம் பெறுகின்றன. பல ஸ்கவுட்டுகளின் முதல் வேலை அங்கேதான்.

ஆகஸ்ட் வந்ததும் ஒவ்வொரு அணியின் ஏரியா ஸ்கவுட்டும், அதாவது ஒரு பகுதியின் கல்லூரிகளைக் கவனிப்பவர், காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு கல்லூரி. காலையிலேயே போய் இருட்டறையில் உட்கார்ந்து, 22 பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த ஆட்டப்படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார். மதியம் பயிற்சியாளர், உடற்பயிற்சி ஆசான், காயம் பார்க்கிறவர், படிப்பு ஆலோசகர், ஜெர்சி அடுக்கித் தருகிறவர் என்று ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுப்பார். நம் ஊரில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது அவன் ஆபீஸ் வாட்ச்மேனிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் கேட்போமே, அதே கதைதான். சாயங்காலம் பயிற்சியைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஹோட்டல் அறையில் அறிக்கை எழுத வேண்டும். மறுநாள் இன்னொரு ஊர். டிசம்பர் வரை இப்படியே. பிறகு அணி அலுவலகத்தில் நாள்கணக்கில் கூட்டங்கள், ஜனவரி கடைசியை ஒட்டி அலபாமாவின் மொபீல் நகரில் டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்கள் ஆடும் சீனியர் பௌல் ஆட்டம், அதன்பின் இண்டியானாபொலிஸில் வீரர்களை அளந்து சோதிக்கும் கம்பைன், மார்ச்சில் தங்கள் வீரர்களை ஸ்கவுட்டுகளுக்குக் காட்டக் கல்லூரிகளே நடத்தும் புரோ டே.

கம்பைன் என்றதும் தம்பி 40 கஜ ஓட்டத்தைத்தான் சொல்வான். 300-க்கு மேற்பட்ட வீரர்களை ஒரே இடத்தில் வைத்து அணி மருத்துவர்கள் பரிசோதிப்பதுதான் அங்கே பெரிய காரியம். அளவெடுப்பதிலும் ஒரு கறார் உண்டு. உயரத்தை நான்கு இலக்கங்களில் எழுதுவார்கள்: முதல் இலக்கம் அடி, அடுத்த இரண்டும் அங்குலம், கடைசி இலக்கம் அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு. உங்களுக்குப் பக்கத்து ஊர் ஆலன் பள்ளியில் ஆடிய கைலர் மர்ரியை 2019-இல் அளந்தபோது வந்த எண் 5101. ஐந்தடி பத்து அங்குலம், அதற்கு மேல் ஒரே ஒரு எட்டிலொரு பங்கு. குவார்ட்டர்பேக்குக்கு இந்த உயரம் போதுமா என்று நாடே வாரக்கணக்கில் வாதாடியது. அரிசோனா அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. மறுபுறம், 2022-இல் 262-ஆவதாக, கடைசிக்கும் கடைசியாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டே ஆண்டுகளில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் ஆடினார். இவ்வளவு அளந்தும் தப்பு நடக்கிற தொழில் இது. அதனால்தான் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பு.

"நம்ம ஆளுங்க யாராவது இதுல இருக்காங்களா?" என்று பெரியப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இருந்தார். 1960-களில் உங்கள் ஊர் டாலஸ் கௌபாய்ஸ் அணிக்குக் கணினி வழியாக வீரர்களை மதிப்பிடும் முறையை உருவாக்கியவர் சலாம் குரேஷி, அலிகரில் படித்த இந்தியப் புள்ளியியலாளர். ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்றில் இருந்தார். கிரிக்கெட் தெரியும், இந்த விளையாட்டு தெரியாது. ஸ்கவுட்டுகள் ஆளுக்கொரு பாஷையில் எழுதிய வர்ணனைகளை அலசி, நூற்றுக்கணக்கான குணங்களைச் சில அடிப்படைக் குணங்களாகச் சுருக்கி, எல்லாரும் ஒரே அளவுகோலில் எண்ணால் மதிப்பிடும்படி கேள்வித்தாள் வடிவமைத்தார். பெரியப்பாவுக்குக் கணினியும் ஆயிற்று, தம்பிக்கு ஃபுட்பாலும் ஆயிற்று.

ஆடாதவன் எப்படி ஸ்கவுட் ஆவான் என்ற கேள்விக்கு பில் நன்னைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதியவர். பெரிய அணிகள் எட்டிப் பார்க்காத கறுப்பினக் கல்லூரிகளை அவருக்கு உள்ளங்கை போலத் தெரியும். என்எஃப்எல்லின் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ஜான் ஸ்டால்வொர்த் ஈரத் தரையில் ஓடி மோசமான நேரம் காட்டினார். மற்ற ஸ்கவுட்டுகள் கிளம்பிப் போனார்கள். நன் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கி, மறுநாள் அவரை மீண்டும் ஓடவைத்து நேரம் குறித்தார் என்பார்கள். 1974 டிராஃப்டில் ஸ்டீலர்ஸ் எடுத்தவர்களில் ஸ்டால்வொர்த் உட்பட நான்கு பேர் பிற்பாடு ஃபுட்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். 2021-இல் நன்னும் அங்கே சேர்க்கப்பட்டார்.

சரி, இனிப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தால் அது ஆலோசனை ஆகாது. தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் சித்தப்பா சிரிப்பார். பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் இதற்கு "20/20 கிளப்" என்றே பெயர் வைத்திருந்தார்கள்: வயது இருபதுகளில், வருடச் சம்பளம் இருபதாயிரம் டாலர். 1996-இல் அந்த அணியில் கடைநிலையில் சேர்ந்த எரிக் டிகோஸ்டா, பொது மேலாளர் ஆனது 2019-இல். ஹார்வர்டில் பொருளாதாரமும் கணினியும் படித்த ஆண்ட்ரூ பெரியும் 2009-இல் கோல்ட்ஸ் அணியில் ஸ்கவுட்டிங் உதவியாளராகத்தான் தொடங்கினார். 2020-இல் கிளீவ்லண்ட் பிரௌன்ஸின் பொது மேலாளர். இவர்கள் மேலே வந்தவர்கள். வராதவர்களே அதிகம். அணித் தலைமை மாறினால், டிராஃப்ட் முடிந்த கையோடு ஸ்கவுட்டுகளையும் அனுப்பிவிடுவார்கள். 32 அணிகளையும் சேர்த்தாலே சில நூறு வேலைகள்தான். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது.

அதனால் என்எஃப்எல்லை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் உறவினர்களும், ஏன் தம்பியும்கூடக் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது: கல்லூரி அணிகளுக்குள்ளேயே இயங்கும் வீரர் மதிப்பீட்டு அலுவலகம். 2021-க்குப் பிறகு கல்லூரி ஃபுட்பாலின் கணக்கே மாறிவிட்டது. வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கல்லூரி மாறலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். யாருக்கு எவ்வளவு தரலாம் என்று சொல்ல ஆள் வேண்டுமே! ஸ்டான்ஃபோர்டு தன் ஃபுட்பால் அணிக்குப் பொது மேலாளர் என்றே ஒரு பதவி வைத்து, 2024 நவம்பரில் முன்னாள் வீரர் ஆண்ட்ரூ லக்கை அமர்த்தியது. முழுநேர ஸ்கவுட் வேலை இன்று வேகமாகப் பெருகுவது இங்கேதான்.

உள்ளே நுழைகிற கதவு ரொம்பச் சின்னது: மாணவ உதவியாளர். முதலாண்டிலேயே போய்க் கேட்க வேண்டும். ஆட்டப்படத்தை வெட்டிப் பிரிப்பது, போர்ட்டலில் புதிதாக வந்த பெயர்களைக் காலையில் பட்டியலிடுவது, பார்க்க வந்த பள்ளிப் பையனின் பெற்றோரை வளாகம் சுற்றிக் காட்டுவது. காசு அனேகமாக இருக்காது. ஆனால் கல்லூரிக்கு வரும் என்எஃப்எல் ஸ்கவுட்டுக்கு இருட்டறையில் படம் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் இந்தப் பையன்தான். நான்கு வருடத்தில் 32 அணியின் ஆட்களுக்கும் முகம் தெரிந்துவிடும். பட்டம் புள்ளியியலில் இருக்கட்டும். என்எஃப்எல்லே 2018-இலிருந்து ஆண்டுதோறும் நடத்தும் பிக் டேட்டா பௌல் போட்டியில் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். வீரர்களின் தோள் கவசத்தில் உள்ள சில்லு தரும் தகவலை அலச வேண்டும். ஸ்கவுட் வேலை கைகூடாமல் போனாலும் அந்தப் பட்டத்துக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. அவன் வெறுக்காத பட்டம் என்பது கூடுதல்.

பணத்தைப் பற்றி. இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். சமரசமாக ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் "ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்" போடலாமா, கடன் எங்கள் பெயரில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. டாலஸைச் சுற்றியுள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. தொடக்கச் சம்பளம் இவ்வளவு குறைவான ஒரு தொழிலுக்கு அந்தக் கடனோடு போகிறவன், மூன்றாவது வருடம் தவணை கட்ட முடியாமல் வேலையை விடுவான். திறமை இருந்தும் விடுவான். டெண்டனில் நார்த் டெக்சஸ், லப்பக்கில் டெக்சஸ் டெக் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் டெக்சஸ்காரர்களுக்குக் கட்டணம் அதில் கால்பங்கு அளவில்தான் இருக்கும். இரண்டிலும் முதல் நிலை ஃபுட்பால் அணி இருக்கிறது, மாணவர்களை எடுக்கும் அலுவலகம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் சான்றிதழை எந்த ஸ்கவுட்டிங் இயக்குநரும் கேட்பதில்லை. எழுதிய அறிக்கையைத்தான் கேட்பார்.

உங்கள் மகன் இங்கேயே பிறந்தவன் என்பதால் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். ஹெச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில், இருக்கும் பிள்ளைக்கு இதையே சொல்ல மாட்டேன். 21 வயதில் பெற்றோர் விசாவிலிருந்து விலகி, மாணவர் விசாவுக்கு மாறி, படிப்பு முடிந்ததும் வேலைக்கு ஒரே வருடம், அறிவியல் தொழில்நுட்பப் பட்டம் என்றால் மேலும் இரண்டு. அதற்குள் விசா எடுத்துத் தரும் அணியைத் தேடுவது நடக்கிற காரியம் இல்லை. உங்கள் தோழிகளுக்கு இந்த மின்னஞ்சலை அனுப்புவதானால் இந்தப் பத்தியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இனி ஆக வேண்டியது. இந்தக் கோடையில் அவனுடைய பள்ளி அணியின் வீடியோ குழுவில் சேரச் சொல்லுங்கள். கேமரா பிடிக்க எப்போதும் ஆள் குறைவாகத்தான் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஆட்டங்கள் தொடங்கியதும், வெள்ளிக்கிழமை தோறும் ஒரே ஒரு வீரரைப் பற்றி ஒரு பக்கம். நல்லது மூன்று வரி, குறை மூன்று வரி, அடுத்த மட்டத்தில் இவன் தாக்குப்பிடிப்பானா என்று ஒரு முடிவு. "பார்க்கலாம்" என்று மழுப்பக்கூடாது. தீபாவளிக்குள் அவற்றில் சிறந்த மூன்றை எனக்கு அனுப்பட்டும், சிவப்பு மையால் திருத்தித் தருகிறேன். வெள்ளிக்கிழமை சோம்பல் வந்து அவனே நிறுத்திவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அப்போது வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம், கம்ப்யூட்டர் சயின்ஸ் உட்பட. சித்தப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை அழைக்கச் சொல்லுங்கள். கடன் எண்ணத்தை மட்டும் இன்றைக்கே கைவிட்டுவிடுங்கள்.