பேஸ்மென்ட் சுவர் ஈரம்: மூன்றாம் முறை பெயின்ட் அடிக்கலாமா?

இப்போதைக்கு அடிக்காதீர்கள். கனடாவின் ஸ்கார்பரோவில் உள்ள உங்கள் பேஸ்மென்டில் (வீட்டின் நிலத்தடி அறையில்) இரண்டு தடவை அடித்தும் சுவரின் அடிப்பகுதி உரிகிறது என்கிறீர்கள். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்கினால் மூன்றாவது வாளியும் வீண்தான்.

ஜூலையில்தான் மோசம் என்று நீங்கள் சொல்வதால் என் சந்தேகம் ஜன்னல்மேல். காற்று வரட்டும் என்று திறந்து விடுகிறோம். வெளியே இருக்கும் புழுக்கக் காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பைப்போல் சுவர் வியர்க்கிறது.

சுவரைத் துடைத்துக் காயவைத்து, ஓரடி அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 2 நாள் விடுங்கள். அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். ஜன்னலை மூடி, டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) போட்டு ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள்.

தாளின் பின்பக்கம் நனைந்திருந்தால், அல்லது சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி இருந்தால், மண்ணிலிருந்து கசிவு. முதலில் கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. 6 அடி தள்ளி நீட்டியதும் பாதித் தொல்லை போனது.

இந்தச் சோதனை வெறும் கான்கிரீட் சுவருக்குத்தான். சுவர்மேல் டிரைவால் (ஜிப்சம் பலகை) அடித்திருந்தால் பின்னால் நடப்பது தெரியாது. அப்புறம், வாடகை வீடென்றால் படத்தோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒன்டாரியோ சட்டப்படி பழுது பார்ப்பது அவர் பொறுப்பு.