காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டீசல் வண்டி

ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) இப்போதே மாற்றாதீர்கள். உசிலம்பட்டியில் விடிகாலை 4 மணிக்கு ஐந்தாறு முறை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, பகலில் ஒரே சாவியில் ஓடுகிறது என்கிறீர்கள். நம்ம பக்கம் மார்கழிக் குளிர் நல்ல கம்ப்ரஷன் (காற்றை அழுத்திச் சூடாக்கும் வலு) உள்ள டீசல் இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஒரு குளிரே இல்லை. கொடைக்கானலில் ராத்திரி நிறுத்தினால் அது வேறு கதை.

எனக்குச் சந்தேகம் டீசல் லைனில்தான். வண்டி நிற்கும்போது எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பகலில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

நாளைக் காலை சாவி போடும் முன் ஃபில்டர் மேலிருக்கும் கைப் பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, டேஷ்போர்டில் காயில் லைட் (பிளக் சூடாவதைக் காட்டும் சுருள் வடிவ விளக்கு) அணைந்ததும் செல்ஃப் அடியுங்கள். டக்கென்று பிடித்தால் காற்றுதான். ஃபில்டர் வாஷர், ரப்பர் ஹோஸ், கிளிப் எல்லாம் பாருங்கள். நான் நாலு பிளக் மாற்றிய பிறகுதான் வாஷர் கிழிந்திருந்ததைக் கண்டேன். வயிற்றெரிச்சல்!

மாற்றமே இல்லையா? செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பேட்டரி. காலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அதுவும் சரி என்றால் அப்புறம் பிளக்.

ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அரை நிமிடம் விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும்.

ஒன்று மட்டும்: ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, இன்ஜினே உடையலாம். உங்களுடையது காமன் ரெயில் (ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) என்றால் இன்ஜெக்டர் பைப்பை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.