செக்போஸ்ட், பேங்க் செக், செக் சட்டை: மூன்றிலும் வருவது ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். 'செக்' என்றால் தடுத்து நிறுத்துவது, அப்புறம் சரிபார்ப்பது. பிறந்த இடம் சதுரங்கப் பலகை. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அரசனுக்கு ஆபத்து என்று எச்சரித்த அந்தக் குரல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. அதைக் கேட்டதும் நினைத்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்றியாக வேண்டும்.

செங்கோட்டை தாண்டி, புளியரை செக்போஸ்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி முதலில் நிற்கிறது; பிறகுதான் தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடிக்கிறார்கள். எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை.

சட்டைக்குப் பெயர் தந்தது அந்தப் பலகையின் கட்டங்கள்.

பேங்க் செக்கை ஆங்கிலத்தில் check என்று எழுதாமல் cheque என்று எழுத்து மாற்றி எழுதுவதால் அது தனிச்சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் மோசடியைத் தடுக்கப் பிறந்த அதே 'செக்'தான். அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு.