பாடசாலைக் கணினிகளில் லினக்ஸ் மின்ட்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மாங்குளத்திலிருந்து மல்லாவி செல்லும் வீதியில் உள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் உள்ளவை எல்லாம் நன்கொடையாக வந்த பழைய கணினிகள். விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவசப் பணிசெயல் முறைமைக்கு மாறலாம் என்று பழைய மாணவர் ஒருவர் சொல்கிறார். பிள்ளைகளால் அதை இலகுவாகப் பாவிக்க முடியுமா? பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கும் வினாத்தாள்கள் என்ன ஆகும்? "பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று, எங்கள் பிள்ளைகளுக்கு இலவசமாக வேறொன்றா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். அவருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெற்றோரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கூரைத் தகடு முதல் கணினி வரை பலவும் நன்கொடையாக வந்து இறங்கிய மண்ணில், இலவசம் என்று கேட்டதும் ஒருவருக்கு மனம் சுருங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அவருடைய கையில் இருப்பது அன்ட்ரொய்ட் கைபேசி என்றால் அதன் அடித்தளமும் லினக்ஸ்தான். கேரளத்தின் அரசுப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பப் பாடமே லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பணிசெயல் முறைமையில் கற்பிக்கப்படுகிறது. இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒழுங்குபடுத்துவதற்காக இலங்கை மென்பொருளாளர்கள் எழுதிய சகானா என்ற மென்பொருள், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய திறந்த மூல மென்பொருளாகவே வெளியிடப்பட்டு, பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. வாங்குபவராக மட்டும் அல்ல, கொடுப்பவராகவும் இருக்க இடம் தரும் துறை இது.

பிள்ளைகளுக்கு இலகுவா என்ற கேள்வியில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. பழைய கணினிகளுக்கு ஏற்ற எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற மின்ட் பதிப்பில் பட்டி (மெனு) இடப்பக்க மூலையில் இருக்கும். கோப்புறைகளும் சாளரங்களும் அவர்கள் பழகியது போலவே நடந்துகொள்ளும். ஆவணங்களுக்கான லிப்ரே ஒஃபிசும் இணைய உலாவியான பயர்பொக்சும் நிறுவும்போதே வந்துவிடும். உயர்தரப் பாடத்திட்டத்தில் வரும் பைதன், எச்.டி.எம்.எல்., தரவுத்தளம் ஆகியவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்பதால் உங்கள் கணினிகள் அதில் ஏறமாட்டா. மின்ட் 22 தொடருக்கோ 2 ஜீ.பி. நினைவகம் போதும், 4 ஜீ.பி. இருந்தால் வசதி, அதற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2029 வரை கிடைக்கும். பாடசாலையிடம் சிறிது பணம் இருந்தால் பழைய வன்தட்டுகளை எடுத்துவிட்டு அவற்றைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் பொருத்துங்கள். வேறு எந்தச் செலவும் அவ்வளவு பலன் தராது.

கணினி அறைக்கு இரண்டு வசதிகள் மிகவும் உதவும். புகுபதிவு அமைப்பில் விருந்தினர் கணக்கை அனுமதித்தால், ஒரு பிள்ளை வெளியேறியதும் அவர் மாற்றியவை யாவும் அழிந்து, அடுத்தவருக்குக் கணினி புதிதாகவே கிடைக்கும். சேமிக்க வேண்டியதை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளப் பழக்குங்கள். கொமினிகேஷன் கடைகளில் அச்செடுத்து வரும் பென் டிரைவ்களில் கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை வைக்கும் வைரசைப் பார்த்திருப்பீர்கள். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மின்டில் அது இயங்காததோடு, மறைக்கப்பட்ட கோப்புறைகளும் கண்ணுக்குத் தெரியும்.

பாமினியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாடசாலைகள் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான். பாமினிக் கோப்பினுள் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. ஆகவே அந்த எழுத்துருக் கோப்பை மின்டில் நிறுவிவிட்டால் பழைய வினாத்தாள்கள் லிப்ரே ஒஃபிசில் தமிழாகவே திறக்கும், இதுவரை தட்டச்சுச் செய்த முறையிலேயே தொடர்ந்து செய்யவும் முடியும். அட்டவணைகளும் பக்க எல்லைகளும் சில இடங்களில் நகரக்கூடும். அச்சிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் இதை நிரந்தர ஏற்பாடாக வைத்திருக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். பாமினியில் இருக்கும் வினாத்தாளில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதித் தேட முடியாது, அதன் ஒரு பந்தியை வெட்டிக் கைபேசியில் அனுப்பினால் யாராலும் வாசிக்க முடியாது. புதியவற்றை, எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யுனிகோடு முறையில் எழுதத் தொடங்குங்கள். இலங்கைத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் ஐபஸ் உள்ளீட்டு முறையில் கிடைக்கின்றன. பழையவற்றை மாற்றும் வேலையை உயர்தர மாணவர்களிடம் கொடுக்கலாம்: ஓபன்-தமிழ் என்ற பைதன் நிரலகத்தில் பாமினியை யுனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. அவர்கள் படிக்கும் நிரல் மொழியில், அவர்களின் பாடசாலைக்கே தேவையான வேலை அது. ஆங்கிலச் சொற்களும் கணிதக் கோவைகளும் கலந்த தாள்களை மட்டும் பந்தி பந்தியாக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவையும் தமிழெழுத்தாகிக் குழம்பிவிடும்.

உங்கள் பகுதியில் இணையம் என்றால் பெரும்பாலும் கைபேசி டேட்டாதான் என்பதால், ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இற்றைப்படுத்தலைப் பதிவிறக்கினால் கட்டுப்படியாகாது. அறையின் கணினிகள் வலையமைப்பில் இணைந்திருந்தால், அவற்றில் ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நிறுவி மற்றவற்றை அதனுடன் இணைத்துவிடுங்கள். ஒரு முறை இறங்கிய பொதியை அது சேமித்து வைத்து எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கும்.

ஒரே கணினியில் விண்டோஸும் மின்டும் வைப்பதை நான் விரும்பவில்லை. பழகிய பக்கமே எல்லோரும் போவார்கள், இரண்டுமே பராமரிப்பின்றிக் கிடக்கும். மாணவர் கணினிகள் எல்லாவற்றிலும் மின்டை நிறுவுங்கள். கல்வி அலுவலகப் படிவங்களுக்காக அலுவலகக் கணினி ஒன்றில் மட்டும் விண்டோஸ் இருக்கட்டும். நிறுவும் வேலையை வெளியாள் செய்துவிட்டுப் போகாமல், அந்தப் பழைய மாணவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்க, உங்கள் மாணவர்களே செய்ய வேண்டும். பிரதியெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் அனுமதிப்பதால், மின்டை நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவை அவர்கள் அயற்பாடசாலைக்கும் எடுத்துச் செல்லலாம்.

வன்தட்டில் எதையும் அழிப்பதற்கு முன், கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே மின்டை இயக்கி ஒலி, வைஃபை, அச்சுப்பொறி மூன்றையும் சோதியுங்கள். பழைய லேசர் அச்சுப்பொறிகள் சிலவற்றுக்கு லினக்ஸில் இயக்கி மென்பொருள் (டிரைவர்) கிடைப்பது கடினம். உங்களுடையது அப்படியானால் அதை அலுவலகக் கணினியிலேயே விட்டுவிட்டு, மாணவர்களின் வேலைகளை பீ.டி.எஃப். ஆக்கி அங்கே அச்சிடுங்கள்.

அன்புடன்